“கை, கால் நன்றாகத்தானே இருக்கிறது?” தோட்டத் தொழிலாளியான அம்மாவுக்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கிடைக்குமா?

கேள்வி கேட்டிருப்பவர் கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை பார்க்கும் மகள். அம்மாவுக்கு வயது 47. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் 22 ஆண்டு கொழுந்து பறித்தவர். சென்ற ஆண்டு ஆடி மழையில், மலையிலிருந்து கொழுந்தைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாள்முதல் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகவில்லை. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல நிற்கவும் முடியாது, குனியவும் முடியாது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு பற்றிக் கிராம சேவகரிடம் விசாரித்ததற்கு, “கை, கால் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அரசாங்கத்தின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவும் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தகுதி உண்டா, இல்லையா?

உண்டு என்று சொல்லத்தான் காரணம் அதிகம். ஆனால் தகுதி இருப்பது வேறு, அது கோப்பில் தெரிவது வேறு. நான் பிரதேச செயலகமொன்றின் சமூக சேவைப் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விண்ணப்பக் கோப்புகளைப் புரட்டும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நோயின் பெயர் தாளில் இருக்கும். அந்த நோயால் ஆள் அன்றாடம் எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார் என்பது எங்கேயும் இருக்காது. கோப்பைப் பார்த்து முடிவெடுப்பவர் உங்கள் அம்மாவைப் பார்க்கப்போவதில்லை. தாளில் இல்லாத கஷ்டம் அவரைப் பொறுத்தவரை இல்லாத கஷ்டம்தான்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், கிராம சேவகர் சொன்னதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம். யார் மாற்றுத்திறனாளி என்று அது சொல்லும்போது கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பிறவியிலேயே வந்ததோ பிறகு வந்ததோ, உடலிலோ மனத்திலோ ஏற்பட்ட குறைபாட்டால், வாழ்க்கைக்கு அவசியமானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே தேடிக்கொள்ள முடியாதவர் எவரும் மாற்றுத்திறனாளி என்பதே அதன் சாரம். “பகுதியாகவோ” என்பதைக் கவனியுங்கள். படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் பார்வை, கேட்டல், நடை, நினைவும் கவனமும், தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல் என்று ஆறு விடயங்களில் எவ்வளவு சிரமம் என்றுதான் கேட்டார்கள். அப்படிக் கேட்டபோது 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம், அதாவது 16 லட்சத்துக்கும் அதிகமானோர் ஏதோவொரு சிரமத்தோடு வாழ்வது தெரியவந்தது.

இனிப் பணத்துக்கு வருவோம். 2023-இல் அஸ்வெசுமத் திட்டம் தொடங்கியபோது மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கென ஒதுக்கப்பட்டது 72,000 பேருக்கு, மாதம் 5,000 ரூபா. பிறகு அது 7,500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்ந்தது. 16 லட்சத்தையும் 72,000-த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிராம மட்டத்தில் ஏன் இப்படி வாயாலேயே வடிகட்டுகிறார்கள் என்பது விளங்கும். பார்த்தவுடன் தெரிகிற இயலாமைக்கு முதலிடம் கொடுப்பது அலுவலகத்துக்குச் சுலபம். கண்ணுக்குத் தெரியாத முதுகும், மூளையும், மனமும் பின்னுக்குப் போய்விடும். அதற்காக அது சரியென்று ஆகிவிடாது. கிராம சேவகர் வைத்தியர் அல்லர். நீங்கள் அந்தப் பிரிவில் வசிக்கிறீர்களா, குடும்பத்தின் நிலை என்ன என்பதை உறுதிப்படுத்துவது அவருடைய வேலை. இயலாமை எவ்வளவு என்பதை அரசாங்க வைத்தியர் எழுத வேண்டும். எனவே அவர் வாயால் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். படிவம் இலவசம். ஹட்டன், தலவாக்கலை நகரங்களில் படிவத்தை விற்கிறவர்களும், “நான் எடுத்துத் தருகிறேன்” என்று இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். அது கோப்பில் ஒரு தாளைக் கூட்டும், அவ்வளவுதான்.

அஸ்வெசும என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு காசு கலந்துவிடுகிறது. ஒன்று குடும்பத்துக்குரியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு அம்சங்களின் கீழ் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போட்டு, வறிய குடும்பம், மிக வறிய குடும்பம் என்று வகுப்பார்கள். 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. மற்றது ஆளுக்குரியது. மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளி, முதியோர் கொடுப்பனவுகள் அந்த வகை. ஒன்றுக்குப் பதிந்துவிட்டதால் மற்றதற்கும் பதிந்ததாக ஆகிவிடாது. குடும்ப விண்ணப்பத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரே லய இலக்கத்தில் மகன் குடும்பம், மருமகன் குடும்பம் என்று இரண்டு மூன்று அடுப்பு எரியும், மின்மானி ஒன்றுதான் இருக்கும். கணக்கெடுக்க வருகிறவர் அத்தனை பேரையும் ஒரே குடும்பமாக எழுதிக்கொண்டு போனால், இரண்டு பேருடைய சம்பளமும் மொத்த மின்கட்டணமும் உங்கள் அம்மாவின் பெயருக்கு மேல் வந்து உட்கார்ந்துவிடும். தனியாக உலை வைக்கிறோம் என்பதை வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள்.

இப்போது இதில் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வைத்தியர் எழுதும் பக்கம்.

வழக்கமாக நடப்பது இது. படிவத்தை எடுத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பார்கள். முன்னே அறுபது பேர், பின்னே அறுபது பேர். அம்மாவை முன்பின் கண்டிராத இளம் வைத்தியர் படிவத்தை வாங்கி, “முதுகுவலி, சிகிச்சை பெறுகிறார்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வரியோடு பிரதேச செயலகத்துக்கு வரும் கோப்பு, முதுகுவலி உள்ள இன்னொரு பெண்ணின் கோப்பாகத்தான் இருக்கும். மலையகத்தில் நாற்பது வயதுக்கு மேல் கொழுந்து பறிக்கும் பெண்களில் முதுகுவலி இல்லாதவர் யார்?

ஆகவே அம்மா வழக்கமாகப் போகும் கிளினிக் நாளுக்குக் காத்திருங்கள். நுவரெலியாவோ டிக்கோயாவோ, அவரைத் தொடர்ந்து பார்க்கும் வைத்தியரிடமே படிவத்தைக் கொடுங்கள். கிளினிக் புத்தகம், ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது கொடுத்த நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் அறிக்கை, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே உறையில் கொண்டுபோங்கள். தோட்ட மருந்தகத்தில் கொடுத்த துண்டு, அரசாங்க வைத்தியரின் சான்றுக்கு ஈடாகாது. ஆனாலும் அதை எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேறொரு பெரிய பயன் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உறையின் மேலே அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கட்டும். நோயைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம், அதை வைத்தியர் அறிவார். அம்மாவின் ஒரு நாளை எழுதுங்கள். “அடுப்படியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. சோற்றுப் பானையை இறக்க இன்னொருவர் வர வேண்டும். பீலியிலிருந்து தண்ணீர் தூக்க முடியாது. கழிவறைக்குப் போகும் படிக்கட்டில் பிடிமானம் இல்லாமல் இறங்க முடியாது, இரவில் எவராவது கூடப் போக வேண்டும். குளித்தால் முதுகுக்கும் காலுக்கும் தண்ணீர் ஊற்றிவிடுவது பக்கத்துக் காம்பராப் பெண். பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது.” இந்த மாதிரி. நீங்கள் எழுதியதை வைத்தியர் அப்படியே நகல் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. ஆனால் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். “எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம், யாருடைய உதவி தேவை, இந்த நிலை இன்னும் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதையும் எழுதுங்கள், டொக்டர்” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தவறில்லை. கூட்டிச் சொல்லாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நடக்கவே முடியாது என்று எழுதியிருக்கும் அம்மா மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடந்துபோவதை நான்கு பேர் பார்த்தால், உண்மையான கஷ்டமும் பொய்யாகிப்போகும்.

அடுத்த இடறல் அலுவலர் வீட்டுக்கு வரும் நாள். நம் மக்களிடம் உள்ள ஒரு நல்ல குணம் அன்றைக்கு நமக்கே வினையாகிறது. ஐயா வருகிறார் என்று தெரிந்தால் இஸ்தோப்பைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டி, இடுப்புப் பட்டையைக் கழற்றி எங்கேயாவது மறைத்துவிட்டு, தேநீரை அம்மாவே கையில் ஏந்தி வருவார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “ஆண்டவன் புண்ணியத்தில் பரவாயில்லை ஐயா, சமாளித்துக்கொள்கிறோம்” என்பார். “சமைப்பீர்களா?” “சமைப்பேன் ஐயா.” அலுவலர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். உட்கார்ந்து காய் நறுக்குவது மட்டும்தான் அம்மா, அரைப்பதும் இறக்குவதும் தங்கை என்பது எழுதப்படாது. பல கோப்புகளில் “சுயமாக இயங்கக்கூடியவர்” என்ற வரி இப்படி விழுந்ததுதான். அம்மாவிடம் முன்கூட்டியே பேசுங்கள். அலுவலர் வருவது நலம் விசாரிக்க அல்ல. வலி குறைந்த நாளை வைத்துப் பதில் சொல்லாமல், மழை நாளில் எப்படி இருக்கும், உதவிக்கு யாரும் வீட்டில் இல்லாத நேரம் எப்படிக் கழியும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டை கட்டியிருந்தால் கட்டியபடியே இருக்கட்டும்.

இதே வெட்கம் மனநோய் உள்ள வீடுகளில் இன்னும் பெரியது. கிளினிக்குக்கு மாதாமாதம் போய் மருந்து எடுக்கும் மகனைப் பற்றிக் கேட்டால் “அவனுக்கு ஒன்றுமில்லை” என்பார்கள், தங்கையின் கல்யாணம் கெட்டுவிடும் என்று. சட்டம் உடலோடு மனத்தையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் கேள்விக்கு இது தேவையில்லை, வாசிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

பெயர்க் குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் மகாலெட்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, தோட்டத்து வேலை வரவுப் பதிவேடான செக்ரோலில் ராசம்மா என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது தோட்டத்தில் புதினமில்லை. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர் ஏறியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். கொடுப்பனவுக்கும் கேட்பார்கள், வங்கியிலும் கேட்பார்கள், ஊழியர் சேமலாப நிதிக்கும் (EPF) கட்டாயம் கேட்பார்கள். பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழி இருக்கிறது. அது நாள் பிடிக்கும், எனவே முதலில் தொடங்க வேண்டியது அதுதான்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குக் கொடுப்பனவைவிட இதுதான் முதலில் தோன்றியது. அம்மா விழுந்தது வீட்டில் இல்லை, மலையில், வேலை நேரத்தில், கொழுந்தோடு. அப்படியானால் அரசாங்கத்திடம் மாதம் பத்தாயிரம் கேட்பதற்கு முன், தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டிய காசு இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம்பட்டு உழைக்கும் சக்தி குறைந்தால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2022-இல் செய்த திருத்தம் வேலைக்கு வரும், போகும் வழியில் நேரும் விபத்தையும் இதற்குள் கொண்டுவந்தது. இயலாமை எத்தனை சதவீதம் என்று வைத்தியர் கணிப்பதைப் பொறுத்தும் சம்பளத்தைப் பொறுத்தும் தொகை அமையும். விண்ணப்பம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போக வேண்டும்.

தோட்ட மருந்தகத் துண்டின் பயன் இங்கேதான். விழுந்த அன்றைக்கே மருந்தகப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள்? அன்றைக்குச் செக்ரோலில் அம்மாவுக்குப் பெயர் விழுந்திருக்கிறதா? காலை நிறுவையில் கொழுந்து ஏறியிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வாகனம் யாருடையது? கூடப் பறித்தவர்கள் யார் யார்? இவற்றோடு ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது எழுதிய டிக்கெட்டையும் பார்க்க வேண்டும். விழுந்தவரை அழைத்துப்போகிறவரிடம் “வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு, மலை என்றால் பொலிஸ், கேஸ் என்று இழுபடும்” என்று சொல்லி அனுப்புவது சில இடங்களில் வழக்கம். வலியில் துடிக்கிறவருக்கு அதெல்லாம் தோன்றாது. அம்மாவின் டிக்கெட்டில் அப்படி எழுதப்பட்டிருந்தால் பயந்துவிட வேண்டாம், மற்றச் சாட்சியங்கள் பேசும். ஆனால் காலம் போகப் போகப் பதிவேடு பழைய தாளாகும், கூடப் பறித்தவர்கள் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விடுவார்கள். இந்த வேலையைக் கொடுப்பனவுக்கு முன்னால் தொடங்குங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தொழில் காரியாலயத்தில் வழி கேட்கலாம். சந்தா கட்டிய தொழிற்சங்கம் இருந்தால் அதன் காரியாலயத்துக்குப் போய் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். சந்தா இதற்காகத்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தோட்டக் காரியாலயத்திலிருந்து கூப்பிட்டு, “இனி வேலை செய்ய முடியாதுதானே, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், சேவைக் காசை வாங்கிக்கொண்டு போகலாம்” என்பார்கள். தாள் ஆங்கிலத்தில் இருக்கும். நீங்கள் வாசித்து விளங்கிக்கொள்ளும்வரை அம்மா எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. பணிக்கொடை சட்டப்படி அவருடையது, எங்கும் ஓடிப்போகாது. 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு வேலை செய்தவர் எந்தக் காரணத்தால் விலகினாலும் அது கிடைக்கும். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். 22 ஆண்டுக்கு 308 நாள். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்துக்கொண்டால் 415,800 ரூபா வருகிறது. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். “ஐம்பதாயிரம் தருகிறோம், எல்லாம் முடிந்தது என்று எழுதிக்கொடுங்கள்” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். குடியிருக்கும் காம்பராவும் தோட்ட வேலையோடு கட்டுண்டு கிடக்கிறது. வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர் போடாவிட்டால், விலகல் தாளில் கையெழுத்து வைப்பதற்கு முன் வீட்டைப் பற்றியும் எழுத்தில் ஒரு முடிவு வாங்க வேண்டும்.

சேமலாப நிதி விடயத்தில் என் யோசனை கொஞ்சம் வேறு. பெண்கள் 50 வயதில் அதை எடுக்கலாம். அதற்கு முன் எடுக்க உள்ள வழிகளில் ஒன்று, நிரந்தரமாகவும் முற்றாகவும் வேலை செய்ய இயலாதவர் என்ற மருத்துவச் சான்று. இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். கடன் நெரித்தால் தவிர அந்தச் சான்றுக்கு அவசரப்படாதீர்கள். கொடுப்பனவுக்குப் பகுதி இயலாமை போதும், சேமலாப நிதிக்கு முழு இயலாமை வேண்டும். ஒரே முதுகைப் பற்றி இரண்டு காரியாலயத்தில் இரண்டு விதமாக எழுதிய தாள் இருந்தால், இரண்டையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 47 வயது. பிள்ளை மடுவத்திலோ நாற்று மேடையிலோ உட்கார்ந்து செய்யும் வேலை பின்னால் கிடைக்கக்கூடும். மூன்று ஆண்டு பொறுத்தால் எந்தச் சான்றும் இல்லாமல், வட்டியோடு, முழுத் தொகையும் வரும். இடையில் காசு வேண்டுமென்றால், பத்து ஆண்டுக்கு மேல் அங்கத்தவராக இருந்து, கணக்கில் மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ குறிப்பிட்ட மருத்துவச் சிகிச்சைக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்கவும் வழி உண்டு. வைத்தியர் தாமாகவே “இனி எந்த வேலையும் முடியாது” என்று எழுதினால் கதை வேறு, அப்போது சேமலாப நிதியைக் கோரும் கே படிவத்தை நிரப்பித் தொழில் காரியாலயத்தில் கொடுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் அங்கத்தவரின் நிரந்தர இயலாமைக்கென ஒரு கொடுப்பனவு உண்டு, அதையும் அதே சமயம் விசாரியுங்கள்.

கொடுப்பனவு விண்ணப்பத்தை ஒப்படைத்த பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஒப்படைத்ததற்குத் தேதியும் முத்திரையும் இட்ட பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறோம் என்பார்கள், அது பொய்யாக இருக்காது. எத்தனையாவது இடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “தகைமை இல்லை” என்ற இரண்டு சொல் காரணமாகாது. வைத்தியரின் குறிப்புப் போதாதா, வருமானம் கூடிவிட்டதா, பெயர் பொருந்தவில்லையா என்று தெரிந்தால்தான் அந்த ஓட்டையை அடைக்கலாம். சொல்ல மாட்டேன் என்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம்: இந்தத் தேதியில் கொடுத்த இந்த விண்ணப்பத்துக்கு என்ன ஆனது, என்ன காரணத்தால், காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது. 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் முடிவு செய்து அறிவிக்க வேண்டும். என் அனுபவத்தில், இப்படி ஒரு கடிதம் மேசைக்கு வந்தால் தூசி படிந்த கோப்பு தானாக மேலே வரும். எங்களுக்கும் அது பிடிக்காதுதான், ஆனால் வேலை நடக்கும். குடும்பத்துக்குரிய அஸ்வெசும பற்றிய முறைப்பாட்டுக்கு நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்தை அழைக்கலாம். மேன்முறையீட்டுக்குக் காலக்கெடு அறிவிப்பார்கள், பட்டியல் ஒட்டப்பட்டவுடன் பிரதேச செயலகத்தில் போய்ப் பாருங்கள்.

சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறுவது சலுகை அல்ல. வேறு மொழியில் நிரப்பித் தரச் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால், அவர் நிரப்பும் சொல்லுக்கு நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடுவீர்கள்.

வேறு சில சின்ன உதவிகள் அதே சமூக சேவைப் பிரிவின் ஊடாக வரும்: நடைக் கோல், சக்கர நாற்காலி, வீடு திருத்தவும் சுயதொழிலுக்கும் ஓரளவு உதவி. சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நம் லயத்துப் படிக்கட்டிலும் சேற்றுப் பாதையிலும் அது உருளாது, இஸ்தோப்பில் துணி காயப்போடத்தான் பயன்படும். உங்கள் அம்மாவுக்கு அதைவிடத் தேவை கழிவறைப் படிக்கட்டுக்கு ஓர் இரும்புக் கைப்பிடி. 2018-இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்ய இடமுண்டு. எனவே அந்தக் கைப்பிடிக்கு ஒரு மனுவைச் சபைக்கு எழுதிப் போடுங்கள்.

கடைசியாக, அம்மாவுக்குப் பதிலாக நீங்களே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். விண்ணப்பதாரர் அவர்தான், அவருக்கு எழுத வராவிட்டால் கைநாட்டு வைத்து அதற்கு ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட்டால் போதும். வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் கொழும்பிலிருந்து லீவு எடுத்து வருவதாக இருந்தால் மூன்று வேலையையும் ஒரே வருகையில் முடிக்கப் பாருங்கள்: கிளினிக் நாளில் வைத்தியர், அடுத்த நாள் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, பிறகு தொழில் காரியாலயம். பிரதேச செயலகத்துக்குப் பொதுமக்கள் தினத்தில் போங்கள். வெளிக்கள வேலைக்குப் போகும் உத்தியோகத்தர்களும் அன்றைக்கு அலுவலகத்தில் இருப்பார்கள்.